மூன்று வருடம் வெட்டக் கூடாத செடி

2024 நவம்பர் 11, திங்கள்

ஓய்வு பெற்று ஆறு மாதம் ஆகிறது. அங்கன்வாடியில் இருபத்தெட்டு வருடம் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. எடை, உயரம், தடுப்பூசி, யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று எழுதாத நாளே கிடையாது. இன்று டோல்கேட் கடைத்தெருவுக்குப் போனபோது இந்த நோட்டை வாங்கினேன். இனி இந்த வீட்டுக்குத்தான் பதிவேடு.

பதிவேடு என்றால் முதல் பக்கம் குடும்ப விவரம். அதையும் எழுதிவிடுகிறேன்.

நான் ஜஹானாரா, வயது அறுபத்தொன்று. கணவர் கலீலுல்லா, அறுபத்து நான்கு. முப்பத்தொரு வருடம் கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரர். வருடத்தில் இரண்டு மாதம் வீட்டில், மீதி தண்ணீரில். ஒரே மகள் தமன்னா பிறந்தபோது இவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார். இப்போது அவள் வண்ணாரப்பேட்டையில், ஏழு மாதக் கர்ப்பம்.

2021-இல் ஒரேயடியாக வீட்டுக்கு வந்தார். வந்த முதல் வாரமே என் அடுப்படியை மாற்றிவைத்தார். நான் சென்டரிலிருந்து வந்து பார்க்கிறேன், உப்பு ஜாடி அடுப்புக்கு இடப்பக்கம் இருக்கிறது. இவருக்கு இடது கைப் பழக்கம். மஞ்சள், மிளகாய், பருப்பு எல்லாம் உயர வரிசையில் நிற்கின்றன. நான் எதையும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தேன். "இது கப்பல் இல்ல. என் அடுப்பாண்ட வராதீங்க" என்றேன். அன்றிலிருந்து இவர் அடுப்படி வாசல்படியைத் தாண்டியதில்லை. டீ வேண்டுமென்றாலும் அங்கேயே நின்று கேட்பார். மாடியை எடுத்துக்கொண்டார்.

மாடியில் இவர் வளர்ப்பது ஆஸ்பரகஸ். கடைசிக் கப்பல் ஹாம்பர்க்கில் நின்றபோது வாங்கிய விதை. நீல டிரம்மைப் பாதியாக அறுத்து மூன்று தொட்டி, தொட்டிக்கு ஒரு செடி. கத்தரி, முருங்கை வைத்திருந்தால் இந்நேரம் குழம்பாவது கொதித்திருக்கும். இது பச்சை நூலை அவிழ்த்துவிட்டதுபோல நெஞ்சு உயரம் நின்று ஆடுகிறது. அதைத் தின்ன முடியாது. மண்ணிலிருந்து பென்சில் மாதிரி ஒரு குச்சி கிளம்பும், அதுதான் காய். ஆனால் அதையும் மூன்று வருடம் வெட்டக் கூடாதாம். வெட்டினால் வேர் இளைத்துவிடுமாம். வெட்டாமல் விட்டால் அந்தக் குச்சியே நூலாக விரிந்து வேருக்குச் சோறு போடுமாம். சாப்பிடும்போதெல்லாம் இதே பாட்டு. நான் காதில் வாங்குவதில்லை.

வருகை: ஒருவர். இன்னொருவர் மாடியில்.

2024 நவம்பர் 19, செவ்வாய்

மணலி ஆலைப் பக்கமிருந்து காற்று, ஒரே கரி. காய்ந்த துணியை மறுபடி துவைத்தேன்.

2024 நவம்பர் 30, சனி

புயல் மழை. காலையிலிருந்து கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் தண்ணீர்.

தொட்டிகளைத் தூக்க முடியாது. ஒவ்வொன்றும் அத்தனை மண். இவர் தார்ப்பாயைக் கட்டிப் பார்த்தார், காற்று பிய்த்துக்கொண்டு போனது. கடைசியில் அதைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மூன்று தொட்டிக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டார். இரண்டு மணி நேரம். நான் மாடிப்படியில் நின்று கத்தினேன்.

"இன்னாங்க, பைத்தியமா உங்களுக்கு? நெஞ்சு வலிக்காரரு!"

"இன்னும் மூணு மாசம் தான் ஜஹான். இப்ப ஒடஞ்சா எல்லாம் போச்சு."

தமன்னாவுக்கு ஆறு வயதில் டைபாய்டு வந்து பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். யாரும் எனக்குத் தார்ப்பாய் பிடிக்கவில்லை. இதை இவரிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது? எழுதிவைக்கிறேன்.

2024 டிசம்பர் 8, ஞாயிறு

தமன்னா பிரசவத்துக்கு வந்துவிட்டாள். கால் வீங்கியிருக்கிறது, மற்றபடி சௌக்கியம். இவர் அவளைக் கைப்பிடித்து மாடிக்கு அழைத்துப் போனார். நான் துணி எடுக்கிற சாக்கில் பின்னால் போனேன்.

"கொழந்த பொறந்து நாப்பதாம் நாளு நீ குளிக்கிற அன்னிக்கு மொத வெட்டு. நானே செஞ்சு தரேன். வெண்ணெய், உப்பு, ஒரு முட்ட. வேற எதுவும் தேவயில்ல."

"எங்க அத்தா செய்வீங்க? அம்மா உள்ள வுடுவாங்களா?"

"இங்கயே அடுப்பு மூட்டிக்கிறேன். மூணு கல்லு போதும்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

2025 ஜனவரி 9, வியாழன்

ஆண் குழந்தை. இரண்டு கிலோ அறுநூறு. அமான் என்று பெயர். அல்ஹம்துலில்லாஹ். இவர் உட்கார்ந்துகொண்டுதான் குழந்தையை வாங்கினார், நின்று வாங்கப் பயம். முப்பத்தொரு வருடம் ஆடுகிற கப்பலில் கொதிக்கிற சட்டியைத் தூக்கிய கை.

2025 ஜனவரி 18, சனி

வீட்டுக்கு வந்தாயிற்று. பால் போதவில்லை. குழந்தை கத்துகிறான், பிடிக்கிறான், விடுகிறான், மறுபடி கத்துகிறான். தமன்னாவுக்கு மார்பு புண். கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறாள். பூண்டுக் கஞ்சி, பால் சுறா, வெந்தயக் களி எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டேன்.

2025 ஜனவரி 23, வியாழன்

எடை இரண்டு கிலோ நானூற்றைம்பது. பதினைந்து நாளில் பிறந்த எடைக்காவது வந்திருக்க வேண்டும். எனக்குத் தெரியாதா? எத்தனை குழந்தைகளின் அட்டையில் இந்தக் கோடு கீழே இறங்குவதைப் பார்த்து அவர்கள் அம்மாக்களைத் திட்டியிருக்கிறேன். அடுத்த வாரமும் ஏறாவிட்டால் பவுடர் பால் ஆரம்பிக்கலாம் என்றார் டாக்டர்.

"எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் ஏம்மா வரல?" என்றாள் தமன்னா.

மாலையில் பக்கத்து வீட்டு ராமசெல்வி வந்தாள். திருச்செந்தூர்ப் பக்கம். அவள் அண்ணன் உச்சிமாகாளிக்கு டோல்கேட்டில் நாட்டு மருந்துக்கடை. துணி காயப்போட என்னோடு மாடிக்கு வந்தவள் தொட்டிகளைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"யக்கா, இது தண்ணீர்விட்டான்லா! எங்க ஊர்ல வேலியில கெடக்கும். இதுக்க கெழங்க பால்ல போட்டுக் காய்ச்சிக் குடுத்தா பால் சொரக்கும்லா. வீட்டுலயே வச்சிக்கிட்டா அலையுதிய?"

தண்ணீர்விட்டான் கிழங்கு எனக்கும் தெரியும். காய்ந்த குச்சியாகக் கடையில் பார்த்திருக்கிறேன். செடியைப் பார்த்ததில்லை.

"உங்க அண்ணன் கடையில வாங்கிக்கலாமே."

"பச்சக் கெழங்குக்குள்ள சத்து காஞ்சதுக்கு வருமாக்கா?"

2025 ஜனவரி 26, ஞாயிறு

எழுதணுமா என்று தெரியவில்லை. எழுதுகிறேன்.

காலையில் இவர் ராயபுரம் போனார். அங்கே வேதமாணிக்கம் இருக்கிறார், கப்பலில் இவரோடு இருந்தவர். இப்போது மணலியில் டேங்கர் லாரி டிரைவர்களுக்கு மெஸ் நடத்துகிறார். "ஒரு சாமான் வாங்கியாரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

குழந்தை எட்டு மணியிலிருந்து அழுதுகொண்டே இருந்தான். பத்து மணிக்குக் குரல் கம்மிவிட்டது. அந்தக் கம்மல்தான் என்னைக் கிளப்பியது. கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

முதல் தொட்டியைத் தோளால் தள்ளிச் சாய்த்துக் கவிழ்த்தேன். கிழங்கு என்று ஒன்றும் இல்லை. தண்டும் வேரும் சேருகிற கொண்டையிலிருந்து வெள்ளைக் கயிறு மாதிரி வேர் தொங்கியது. அறுத்தேன். ஒரு கைப்பிடி தேறவில்லை. இரண்டாவதைக் கவிழ்த்தேன். அதுவும் அப்படியே. இரண்டும் சேர்த்துக் கஷாயத்துக்குப் போதும். போதும் என்று எனக்கே தெரிந்தது.

மூன்றாவதையும் கவிழ்த்தேன்.

பாதி வேர் அறுத்திருப்பேன். படியில் சத்தம். இவர் நிற்கிறார். கையில் நீளமான தட்டைச் சட்டி ஒன்று, கப்பல் சட்டி. அதை வாங்கத்தான் போயிருக்கிறார். நாற்பதாம் நாளுக்கு.

"இன்னா பண்ற?"

"பாப்பாக்கு... பால் வர்றதுக்கு. வேரு."

மண்ணைப் பார்த்தார். தரையில் கிடந்த பச்சையைப் பார்த்தார்.

"மூணுமா?"

அவ்வளவுதான் கேட்டார். சட்டியைச் சுவரோரம் வைத்தார். மண்ணை வாரித் தொட்டிகளில் போட்டார். அறுந்த கொண்டைகளைக் கோணியில் போட்டுத் தண்ணீர்க் குழாய் பக்கம் தள்ளினார். மாடி முழுக்கத் தண்ணீர் விட்டுக் கழுவினார், கப்பல் மேல்தளம் கழுவுகிறமாதிரி, மூலை முடுக்கு விடாமல். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். கத்தத்தானே எனக்குத் தெரியும்.

வேரைப் பாலில் காய்ச்சினேன். தமன்னா ஒரு வாய் குடித்தாள், வாந்தி எடுத்தாள்.

2025 ஜனவரி 27, திங்கள்

மிச்ச வேரைத் தாளில் சுற்றிக்கொண்டு உச்சிமாகாளி கடைக்குப் போனேன், எப்படிப் பக்குவம் பண்ணுவது என்று கேட்க. அவர் ஒன்றை எடுத்து நகத்தால் கீறினார், மோந்து பார்த்தார்.

"எங்கயிருந்துக்கா எடுத்திய?"

சொன்னேன்.

"இது அதுல்லக்கா. தண்ணீர்விட்டான்ல தண்டுல முள்ளு கெடக்கும். கெழங்கு வெரல் தண்டிக்குக் கொத்துக் கொத்தா இருக்கும். இது அதுக்குச் சொந்தக்காரச் செடியா இருக்கும், பாக்க ஒண்ணுபோலத்தான். ஆனா மருந்து அதுதான், இது இல்ல. செல்வி சொன்னான்னா ஒரு நட வந்து என்கிட்ட கேட்டிருக்கலாமே. தோண்டுறதுக்கு முந்தி."

எங்கள் காலடிப்பேட்டையிலிருந்து டோல்கேட் எவ்வளவு தூரம்? மெட்ரோவில் உட்கார்ந்தால் சேலையைச் சரிசெய்வதற்குள் வந்துவிடும். நேற்று ஞாயிறு, கடை மூடியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை? சனிக்கிழமை?

தெரியாமல்தான் செய்தேன். அந்த இரண்டு தொட்டியைத் தெரியாமல்தான் செய்தேன். மூன்றாவதை?

இந்தப் பக்கத்தை யாரும் படிக்கப் போவதில்லை. அதனால் எழுதலாம். எனக்குக் கோபம். முப்பத்தொரு வருடக் கோபம். என் ஜுரத்துக்கு, என் பிள்ளையின் ஜுரத்துக்கு, என் அம்மா மவுத்தாகி அடக்கத்துக்கு வராத மனுஷன் ஒரு செடிக்கு மழையில் உட்கார்ந்தார். குழந்தை அழுகை ஒரு சாக்கு. முழுக்கச் சாக்கு இல்லை. ஆனால் மூன்றாவது தொட்டிக்குச் சாக்குத்தான்.

2025 ஜனவரி 29, புதன்

நர்ஸ் மலர் வீட்டுக்கு வந்தாள். நான் சென்டரில் இருந்தபோது புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண், என் தாய்மார் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டவள். தமன்னா பால் கொடுப்பதை ஐந்து நிமிடம் பேசாமல் பார்த்தாள். பிறகு குழந்தையின் வயிறு அம்மா வயிற்றோடு ஒட்டும்படி திருப்பினாள். வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து காம்பைச் சுற்றியுள்ள கருப்பு முழுக்க உள்ளே போகும்படி சேர்த்தாள். குழந்தை விழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

"காம்ப மட்டும் கடிச்சிகினு இருந்துச்சுக்கா, அதான் புண்ணு. நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்தது தானே இது. பொம்மைய வச்சிகினு காட்டுவீங்களே?"

ஆமாம். துணிப்பொம்மை வைத்துக் காட்டுவேன். இந்தத் தெருவிலேயே எத்தனை பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையைச் சரியாகத் திருப்பிப் பிடிக்க வைத்திருக்கிறேன். என் மகள் கதவைச் சாத்திக்கொண்டாள், நானும் கதவுக்கு வெளியே நின்று கஞ்சி காய்ச்சினேன். உள்ளே போய் ஐந்து நிமிடம் உட்காரவில்லை. மாடிக்குப் போய்த் தோண்டினேன்.

2025 பிப்ரவரி 5, புதன்

எடை இரண்டு கிலோ தொள்ளாயிரம். தமன்னா சிரிக்கிறாள்.

இவர் மூவரிடமும் நல்லபடியாகத்தான் பேசுகிறார். தண்ணீர், தட்டு, டாக்டர், பால். மாடிக்குப் போவதில்லை. வாசலில் நாற்காலி போட்டுக் கன்டெய்னர் லாரிகளைப் பார்க்கிறார். துறைமுகத்தில் ஹாரன் அடித்தால் தலையைத் தூக்குகிறார்.

துணி காயப்போடப் போனேன். குழாய் பக்கம் இருந்த கோணி ஈரமாகக் கிடந்தது. குப்பைக்குப் போடலாம் என்று தூக்கினேன். உள்ளே ஒரு கொண்டையில் ஊதா நுனி ஒன்று, சுண்டுவிரல் நகம் அளவு, மேலே பார்த்துக்கொண்டு நின்றது. மூன்றாவது தொட்டிச் செடி. அதில்தான் பாதி வேர் மிச்சம்.

தொட்டியில் வைத்தேன். எப்படி வைப்பது என்று யாரும் சொல்லவில்லை. மண்ணை மேடாகக் குவித்து, வேரை நாலு பக்கமும் தொங்கவிட்டு, கொண்டைக்கு மேலே நாலு விரல் மண். எனக்கு எப்படித் தெரியும்? மூன்று வருடம் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து இவர் சொல்லியிருக்கிறார். காதில் வாங்கவில்லை என்று நினைத்தேன். எல்லாம் விழுந்திருக்கிறது.

இவரிடம் சொல்லவில்லை. இதுவும் செத்துவிட்டால் இரண்டாவது தடவை காட்ட முடியாது.

2025 பிப்ரவரி 17, திங்கள்

நாற்பது. தமன்னாவைக் குளிப்பாட்டி, குழந்தைக்குப் புதுச் சட்டை. பிரியாணி நான் செய்தேன். இவர் நன்றாக இருக்கிறது என்றார். கப்பல் சட்டி போன மாதமே ராயபுரத்துக்குத் திரும்பிப் போய்விட்டது.

2025 பிப்ரவரி 24, திங்கள்

"மணலியில மெஸ்ஸுக்கு ஆளு இல்லன்னு வேதமாணிக்கம் கூப்டுறாரு. போறேன்" என்றார்.

"இந்த வயசுலயா? ஒடம்பு இன்னாத்துக்கு ஆவும்?"

"அங்க ஒரு அடுப்பு கீது."

இப்படிச் சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை.

2025 மார்ச் 31, திங்கள்

பெருநாள். தொழுதுவிட்டு வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கினார். மற்ற நாளில் விடிவதற்கு முன் போய், எல்லோரும் சாப்பிட்டபின் வருகிறார். வெள்ளிக்கிழமை மட்டும் வீடு. தமன்னா வண்ணாரப்பேட்டை போய்விட்டாள். கடல் மறுபடி எங்கள் நடுவில் வந்துவிட்டது, இந்தத் தடவை மணலி வரைக்கும். இந்தத் தடவை அனுப்பியது நான்.

2025 ஜூலை 6, ஞாயிறு

தொட்டியில் மூன்று தண்டு. நூல் கனம்தான். ஆட்டு எரு போட்டேன், கறிக்கடைக்காரரிடம் கேட்டு வாங்கி. நாற்றம் தாங்காமல் ராமசெல்வி மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் இப்போது எதையும் பார்த்து எதுவும் சொல்வதில்லை. "என்னாலதானக்கா" என்று ஒரு நாள் அழுதாள். "உன்னால இல்ல. நீ கொத்துக்கரண்டியைத் தூக்கல" என்றேன்.

2025 அக்டோபர் 21, செவ்வாய்

ஏழு தண்டு. ஒன்று பென்சிலில் பாதி கனம். வெட்டவில்லை. விரியட்டும்.

2025 டிசம்பர் 2, செவ்வாய்

இரண்டு நாளாக மழை. தார்ப்பாயைக் கட்டினேன், நிற்கவில்லை. பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதுகு பிடித்துக்கொண்டது. முதல் அரை மணி நேரம் இவர்மேல் கோபம் வந்தது, பிறகு போய்விட்டது. மழைக்குள் உட்கார்ந்திருக்கும்போது வேறு ஒன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. அன்றைக்கு ஒரு குடையாவது கொண்டுபோய்ப் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

2026 ஜனவரி 2, வெள்ளி

ஜும்மா முடிந்து வந்தார். சாப்பிட்டார். கை கழுவும்போது சொன்னேன். "மாடிக்கு வாங்க."

"இன்னாத்துக்கு?"

"வாங்க."

படியில் என் முட்டி, இவர் மூச்சு, இரண்டுக்கும் நின்று நின்று ஏறினோம். ஒரு வருடமாக இவர் ஏறாத படி.

தொட்டியின் முன்னால் நின்றார். பச்சை என் தோள்வரை நிற்கிறது. அடியில் நாலைந்து குச்சி, கனமாக, நுனி மூடி. குனிந்து மண்ணைத் தொட்டார். ஒவ்வொரு தண்டாக எண்ணினார். எருவைக் கிள்ளி விரலில் தேய்த்தார்.

"எது இது?"

"மூணாவது தொட்டி."

விரலில் ஒட்டிய எருவைக் கைலியில் துடைத்தார். நான்தான் பேசினேன். வீட்டிலேயே நூறு தடவை சொல்லிப் பார்த்தது, வாயில் வேறு மாதிரி வந்தது.

"ரெண்டு தொட்டி தெரியாம பண்ணேன். இது தெரிஞ்சே பண்ணேன். உங்க மேல கோவம். கொழந்தைக்காகன்னு சொன்னது பொய். என்ன மன்னிச்சிடுங்க."

"தெரியும்" என்றார். "மூணுமான்னு கேட்டேனே. அப்பவே தெரியும்."

ஒரு வருடமாகத் தெரிந்துகொண்டே என்னோடு தண்ணீர், தட்டு, டாக்டர் என்று பேசியிருக்கிறார்.

பிறகு இவர், செடியைப் பார்த்துக்கொண்டே: "கப்பல்ல என் அடுப்பாண்ட கேப்டனே கேட்டுக்கினு தான் வருவாரு. நான் வந்த மொத வாரமே உன் அடுப்படிய கேக்காம மாத்திட்டேன். இருபது வருசமா வச்சிருந்த எடம். எனுக்கும் அப்ப புரில."

காற்று மணலியிலிருந்து அடித்தது. இரண்டு பேரும் இருமினோம்.

"வெட்டலாமா?" என்றேன். "இன்னும் மூணு வருசம் எண்ணணுமா?"

மறுபடி குனிந்து குச்சிகளை எண்ணினார்.

"மூணு குச்சி வெட்டலாம். மீதி தாய்த் தண்டு, அது நிக்கட்டும். அடுத்த வெள்ளிக்கெழம அமானுக்கு ஒரு வயசு ஆவுதில்ல?"

"ஆவுது."

"சட்டிய வாங்கியாரேன்."

2026 ஜனவரி 9, வெள்ளி

தமன்னா காலையிலேயே குழந்தையோடு வந்துவிட்டாள். மாப்பிள்ளை வேலை முடிந்து சாயங்காலம் வருவார்.

இவர் ஜும்மாவுக்குப் போன நேரத்தில் அடுப்படியைத் துடைத்தேன். மஞ்சளும் மிளகாயும் அதது இடத்திலேயே இருக்கட்டும், அது என் இடம். உப்பு ஜாடியை மட்டும் எடுத்து அடுப்புக்கு இடப்பக்கம் வைத்தேன்.

வந்தார். மாடிக்குப் போய் மூன்று குச்சி வெட்டிக்கொண்டு இறங்கினார். சட்டியும் கையுமாக அடுப்படி வாசல்படியில் நின்றார், நாலு வருடப் பழக்கம்.

"உள்ள வரலாமா?" என்றார்.

"வாங்க" என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்து கூடத்தில் உட்கார்ந்தேன். அமான் மடியில் இருந்தான். அங்கிருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். எழுந்து போகக் கூடாது என்று குழந்தையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அடிப்பக்கம் தோல் சீவினார். காகிதம் மாதிரி மெல்லிசாக வந்தது. இந்த மனுஷன் வேலை செய்வதை நான் பார்த்ததே இல்லை. நாற்பது வருடத்தில் ஒரு தடவைகூட இல்லை. தண்ணீர் கொதித்தது. கண்ணைச் சட்டியிலிருந்து எடுக்காமல் இடது கையை நீட்டினார். ஜாடி அங்கே இருந்தது. கை ஜாடியின்மேல் அப்படியே நின்றது. திரும்பி என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூடியைத் திறந்தார்.

மூன்று குச்சி, வெண்ணெய், ஆளுக்கு ஒரு முட்டை. தமன்னாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மூன்றாவதன் நுனி அமானுக்கு. ஈறால் கடித்து, முகத்தைச் சுளித்து, மறுபடி வாயைத் திறந்தான். இவர் நின்றுகொண்டே பார்த்தார்.

"பண்டாரி கடசீல தான் சாப்புடுவான்" என்றார்.

என்னுடையதைப் பாதியாக ஒடித்து இவர் தட்டில் வைத்தேன். உட்காருங்க என்றேன், உட்கார்ந்தார். பச்சைப் பட்டாணி போல ஒரு ருசி, கொஞ்சம் புல் வாசம். இதற்கா மூன்று வருடம் என்று கேட்டிருப்பேன், போன வருடமாக இருந்தால். உப்பு ஒரு கல் கூடுதல். சொல்லவில்லை.

மணலிக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டாராம். மெதுவாகத்தான் சொன்னார், தட்டைக் கழுவும்போது. தட்டையும் இவரே கழுவினார்.

வருகை: நான்கு பேர். மாடியில் யாரும் இல்லை.